நாலு தீக்குச்சி கனத்தில் மிதக்கும் ரெயில்!

சக்கரம் கிடையாது - தண்டவாளத்தைத் தொடாது - டிரைவரும் இல்லை
எடை கூடினால் எழும்பாது. கண் தவறினால் உயிர் போகும்!

விருதுநகர்,-

ஒரு தீப்பெட்டியைத் திறந்து நாலு குச்சிகளை எடுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வையுங்கள். அந்த அடுக்கின் உயரம் ஏறக்குறைய 8 மில்லி மீட்டர்.

ஜப்பானில் நகோயா நகரத்துப் பக்கம் ஓடும் ஒரு ரெயில், அந்த அளவு இடைவெளியில்தான் அந்தரத்தில் மிதந்து போகிறது. அதற்குச் சக்கரம் இல்லை. தண்டவாளத்தில் உரசும் சத்தம் இல்லை. முன்னால் உட்கார்ந்து ஓட்ட டிரைவரும் இல்லை. அத்தனையும் காந்தமும் கம்ப்யூட்டரும் செய்யும் வேலை!

"ஜப்பான் கதை நமக்கு எதுக்குண்ணே? சாயங்காலம் சிவகாசி போற பஸ்ல உக்கார இடம் கிடைச்சா போதாதா?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. பதிலும் இருக்கிறது.

திருமங்கலத்தில் இருந்து ஒத்தக்கடை வரை 32 கிலோ மீட்டருக்கு மெட்ரோ ரெயில் விடுவதற்கு, ரூ.11 ஆயிரம் கோடிக்கு மேல் செலவு கணக்குப் போட்டு மதுரைக்குத் திட்டம் தயாரானது. 2025-ம் ஆண்டு நவம்பரில் மத்திய அரசு அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. 20 லட்சம் ஜனத்தொகை இல்லை என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கோவைக்கும் அதே கதிதான்.

மதுரைக்கே இப்படி என்றால் விருதுநகருக்கும் சிவகாசிக்கும் என்ன வழி? பெரிய பட்டணத்துக்கு மட்டும்தான் நல்ல வண்டியா? கனமான தூண், கனமான பாலம், கனமான பெட்டி, கனமான பில் - இவை இல்லாமல் நகருக்குள் ரெயில் விட முடியாதா?

உலகம் முழுவதும் என்ஜினீயர்கள் பல வருஷமாக மண்டையை உடைத்துக்கொள்வது இந்தக் கேள்விக்குத்தான். காந்த ரெயில் அதற்கு வந்த பதில்களில் ஒன்று. அதில் ஜெயித்தவர்களும் உண்டு, தோற்றவர்களும் உண்டு, உயிரை விட்டவர்களும் உண்டு.

மிதப்பது எப்படி?

இரண்டு காந்தங்களை நேருக்கு நேர் வைத்தால் தள்ளும். திருப்பி வைத்தால் இழுக்கும். பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரிந்த சங்கதி.

நகோயா ரெயில் இழுக்கும் காந்தத்தை நம்பியது. பெட்டியின் கீழ்ப்பகுதி இரண்டு பக்கமும் கை போல வளைந்து, பாதையின் அடிப்பக்கத்தைப் பிடித்த மாதிரி இருக்கும். அந்தக் கைகளில் மின்காந்தங்கள். மேலே பாதையில் இரும்புப் பட்டை. மின்சாரம் பாய்ந்ததும் காந்தம் இரும்பை நோக்கி மேலே எழும்பும். கூடவே பெட்டியும் எழும்பும்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. காந்தம் இரும்பை நெருங்க நெருங்க இழுப்பு கூடும். விட்டால் 'டக்' என்று போய் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் விலகினால் இழுப்பு குறைந்து 'தொப்' என்று கீழே விழும். நடுவில் தானாக நிற்கவே நிற்காது. நிலையான காந்தங்களை மட்டும் வைத்து ஒரு பொருளை அசையாமல் அந்தரத்தில் நிறுத்த முடியாது என்று எர்ன்ஷா என்ற இங்கிலாந்துக்காரர் 1842-லேயே கணக்குப் போட்டு நிரூபித்துவிட்டார்.

அப்படியானால் ரெயில் எப்படி நிற்கிறது?

காவல் போட்டிருக்கிறார்கள்! ஒவ்வொரு காந்தத்தின் பக்கத்திலும் இடைவெளியை அளக்கும் ஒரு கருவி. இரும்பை நெருங்கினால் உடனே மின்சாரத்தைக் குறை, விலகினால் கூட்டு. இந்த உத்தரவு ஒரு வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை போகிறது. உள்ளங்கையில் குச்சியை நிறுத்தி விளையாடும் சிறுவன் கையை இப்படியும் அப்படியும் ஆட்டுவான் அல்லவா? அதே வேலைதான். ஆனால் கண் இமைக்கும் நேரத்துக்குள் பல நூறு தடவை!

கரண்ட் போனால்? பெட்டிக்குள் பாட்டரி இருக்கும். அதன் பலத்தில் மெதுவாக இறங்கி, அடியில் உள்ள சறுக்குக் கட்டையில் உட்கார்ந்துவிடும்.

முன்னால் தள்ளுவதற்கும் சக்கரம் வேண்டாம். மின்விசிறி மோட்டாரை ஒரு பக்கம் வெட்டி, பாய் போல நீளமாக விரித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றவேண்டிய சக்தி நேர்கோட்டில் ஓடும். 'லீனியர் மோட்டார்' என்று பெயர்.

ஆள் ஏறினார்கள், வண்டி ஏறவில்லை!

நகோயா ரெயிலின் பெயர் லினிமோ. 2005-ம் ஆண்டு அங்கு உலகப் பொருட்காட்சி நடந்தபோது ஓடத் தொடங்கியது. நீளம் 8.9 கிலோ மீட்டர். 9 நிலையங்கள். மூன்று பெட்டிகள். வேகம் மணிக்கு 100 கிலோ மீட்டர்.

ஒரு தடவைக்கு 244 பேர் ஏறலாம் என்று கணக்கு. பொருட்காட்சிக் கூட்டம் அலைமோதியது. அளவை மீறி ஆட்கள் ஏறினார்கள். என்ன ஆயிற்று? ரெயில் எழும்ப மறுத்து நின்றுவிட்டது!

நம் ஊர் டவுன் பஸ்சில் எண்பது பேர் ஏறினாலும் வண்டி முக்கி முனகிப் போய்ச் சேரும். படிக்கட்டில் தொங்குகிறவரையும் சுமக்கும். காந்த ரெயில் அப்படி இல்லை. சுமக்க முடிந்தால் மிதக்கும்; முடியாவிட்டால் உட்கார்ந்துவிடும்.

அதனால்தான் பெட்டியை இலேசாகச் செய்வது இங்கே தலையாய வேலை. பெட்டி கனத்தால் பெரிய காந்தம் வேண்டும். பெரிய காந்தம் என்றால் அதுவே ஒரு கனம். அதற்கு அதிக மின்சாரம், அதிக மின்சாரத்துக்குப் பெரிய கருவி, அதுவும் கனம். வட்டிக்கு வட்டி ஏறுகிற கடன் மாதிரி ஏறிக்கொண்டே போகும்.

இலேசான பெட்டி என்றால் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். காந்தம் சிறிதாகும், மின்சாரம் குறையும். சக்கர ரெயிலில் மொத்த பாரமும் சக்கரம் படும் சில புள்ளிகளில் குத்தி நிற்கும். காந்த ரெயிலிலோ பெட்டியின் நீளம் முழுவதும் பாரம் பரவி நிற்கும். அதனால் பாலமும் தூணும் மெலிதாகலாம். செலவில் பெரும் பங்கை விழுங்குவது பாலமும் தூணும்தான். ஆகவே, பெட்டியில் ஒரு கிலோ குறைந்தால் மிச்சம் பெட்டியோடு போவதில்லை. வழி நெடுக மிச்சம்.

குட்டி வண்டி, அடிக்கடி வண்டி

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து மேக்னமோஷன் நிறுவனம் இன்னொரு யோசனை சொன்னது. அமெரிக்க அரசின் நகர்ப்புற காந்த ரெயில் ஆராய்ச்சித் திட்டத்தில் வந்த யோசனை அது.

நீண்ட ரெயிலைப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை விடுவானேன்? பஸ் அளவில் குட்டி வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக விட்டால் என்ன? ஷேர் ஆட்டோ தத்துவம்தான்! வண்டி இலேசு. பாலத்தின் மீது ஒரே சமயத்தில் பெரிய பாரம் விழாது. பயணி காத்துக் கிடக்கவும் வேண்டாம்.

மிதப்பதற்கும் ஒரு தந்திரம் செய்தார்கள். பாரத்தைச் சுமக்கும் வேலையை மின்சாரம் தேவைப்படாத நிரந்தரக் காந்தத்திடம் விட்டார்கள். ஆட்டம் வராமல் சரிபார்க்க மட்டும் கொஞ்சம் மின்சாரம். இடைவெளியும் 20 மில்லி மீட்டர் - பத்து தீக்குச்சி கனம் - வரை கிடைத்தது.

ஆனால் அடிக்கடி வண்டி என்றால் இடையில் தூரம் குறைவு. முன்னால் போவது நின்றால் பின்னால் வருவதும் அந்தக் கணமே நிற்க வேண்டும். பெட்டியில் குறைந்த கனம் கம்ப்யூட்டர் தலையில் ஏறிவிட்டது. யோசனை நல்லதுதான். ஆனால் சோதனையோடு நின்றது. ஊர் ஜனங்களை ஏற்றும் நிலைக்கு வரவில்லை.

குலுங்கி நின்ற வண்டி

'இலேசாக்கு, இலேசாக்கு' என்று போனாலும் வம்பு வரும். அதற்கும் அமெரிக்காவிலேயே சாட்சி இருக்கிறது.

வர்ஜீனியா மாநிலம் நார்போக் நகரில் ஓல்டு டொமினியன் பல்கலைக்கழகம் உள்ளது. அதன் வளாகத்துக்குள் மாணவர்களை ஏற்றிச் செல்ல, ஏறக்குறைய ஒரு கிலோ மீட்டர் நீளத்துக்கு மேம்பாலப் பாதை கட்டினார்கள். பாதையை மலிவாக வைத்துக்கொண்டு, புத்தியை எல்லாம் வண்டிக்குள் வைப்பது அவர்கள் திட்டம்.

2002-ல் ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி மிதந்தது. ஆனால் குலுங்கியது! மெலிந்த பாலம் லேசாக வளைகிறது. வளைந்ததும் இடைவெளி மாறுகிறது. இடைவெளி மாறியதும் காந்தம் இழுக்கிறது. காந்தம் இழுத்ததும் பாலம் மறுபடி ஆடுகிறது. ஊஞ்சலை உந்தி உந்தி விட்ட கதை. கையில் இருந்த பணமும் தீர்ந்தது. அந்தப் பாதையில் மாணவர்கள் ஒரு நாளும் பயணம் செய்யவில்லை.

வண்டி வேறு, பாலம் வேறு, கட்டுப்பாட்டுக் கருவி வேறு என்று மூன்று பேர் மூன்று மூலையில் உட்கார்ந்து செய்ய முடியாது. மூன்றையும் ஒரே கணக்கில் போட வேண்டும். நார்போக் பாலம் சொன்ன பாடம் இது.

23 உயிர்

இன்னொரு பாடம், ரத்தத்தில் எழுதியது.

ஜெர்மனியில் லாத்தன் என்ற ஊரில் 31.5 கிலோ மீட்டர் நீளத்துக்கு ஒரு சோதனைப் பாதை இருந்தது. 'டிரான்ஸ்ராபிட்' என்ற காந்த ரெயிலை அங்கே ஓட்டிப் பார்த்தார்கள். சீனாவில் ஷாங்காய் விமான நிலையத்துக்கு ஓடும் ரெயில் இதே ஜாதிதான். அந்தத் தூரம் 30 கிலோ மீட்டர் - விருதுநகரில் இருந்து சிவகாசி போவதைவிடச் சற்று அதிகம். எட்டே நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது. மணிக்கு 431 கிலோ மீட்டர் வேகத்தைத் தொட்டது. பின்னாளில் வேகத்தை 300 ஆகக் குறைத்தார்கள்.

2006-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி. லாத்தனில் காலை நேரம். பாதையில் விழுந்து கிடக்கும் குப்பை, சுள்ளிகளை அகற்ற, தினமும் ஒரு பராமரிப்பு வண்டி ரெயிலுக்கு முன்னால் போய் வருவது வழக்கம். அன்றைக்கும் போயிற்று. ஆனால் அது இன்னும் பாதையில் நிற்கும்போதே, கட்டுப்பாட்டு அறையில் இருந்து ரெயிலுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள்!

ஊழியர்களும், சுற்றிப் பார்க்க வந்தவர்களும் ரெயிலில் இருந்தார்கள். மணிக்கு சுமார் 170 கிலோ மீட்டர் வேகத்தில் வந்த ரெயில் பராமரிப்பு வண்டியில் மோதியது. 23 பேர் பலியானார்கள்.

காந்தம் கெடவில்லை. மிதவை கெடவில்லை. தள்ளும் மோட்டாரும் கெடவில்லை. அந்தப் பராமரிப்பு வண்டி மட்டும் தானியங்கிப் பாதுகாப்பு வளையத்துக்குள் சேர்க்கப்படவில்லை. ரெயில் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். குப்பை அள்ளும் வண்டி எங்கே நிற்கிறது என்பதை மனிதன்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். மனிதன் மறந்தான். பிறகு வழக்கு நடந்து, நிர்வாகிகளும் கட்டுப்பாட்டு அறை ஊழியர்களும் தண்டனை பெற்றார்கள். போன உயிர் திரும்பவில்லை.

பட்டாசுச் சீமைக்குத் தெரியும்

இந்தப் பாடத்தைப் புரிந்துகொள்ள விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு ஜெர்மன் பாஷை தேவையில்லை.

2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதியை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் வெடி விபத்து. 30-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்ல. முதல் தீயைப் பார்த்து, உதவி செய்யவும் என்ன என்று பார்க்கவும் ஓடி வந்தவர்கள். அடுத்த வெடிப்பு அவர்களைக் கொண்டு போனது.

மருந்து அறைக்குள் இத்தனை பேர்தான், இத்தனை கிலோதான், ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இவ்வளவு தூரம் என்று சட்டம் இருக்கிறது. எதற்காக? ஓரிடத்தில் தவறு நடந்தால் அது அடுத்த இடத்துக்குத் தாவக்கூடாது என்பதற்காக. ரெயில் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரு வண்டிதான் என்று வைப்பதும் அதே காரணத்துக்குத்தான்.

வேலிக்குள் இருப்பது யார், எங்கே, எத்தனை பேர் என்பது எந்த நேரமும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போனால் மற்ற காவல் எல்லாம் இருந்தும் பயன் இல்லை. முதலிப்பட்டியும் லாத்தனும் சொல்வது ஒன்றே.

ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கவில்லை!

மக்களை ஏற்றிக்கொண்டு முதன் முதலில் கடைக்கு வந்த நகர காந்த ரெயில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஓடியது. 1984-ல் ஆரம்பம். விமான நிலையத்துக்கும் ரெயில் நிலையத்துக்கும் இடையே 600 மீட்டர் தூரம். மணிக்கு 42 கிலோ மீட்டர் வேகம். கண்ணாடி இழையில் செய்த இலேசான பெட்டிகள். 15 மில்லி மீட்டர் உயரத்தில் மிதந்தன.

பதினோரு வருஷம் ஓடி 1995-ல் நின்றுபோனது. என்ன காரணம்? எலெக்ட்ரானிக் சாமான்கள் பழசாகிவிட்டன. மாற்றுச் சாமான் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. பழைய ரேடியோ ரிப்பேர் கடைக்காரருக்கு இந்தக் கஷ்டம் நன்றாகப் புரியும். பிற்பாடு 2003-ல் அங்கே கயிறு இழுக்கும் வண்டி வந்தது.

வண்டியை வாங்குவது ஒரு நாள் செலவு. அதைப் பழுது பார்க்க உள்ளூரில் ஆளும் சாமானும் இல்லையென்றால் அது வெறும் காட்சிப் பொருள்.

தையூரில் 422 மீட்டர்

அந்த ஆளும் சாமானும் தமிழ்நாட்டில் உருவாகிறதா? உருவாகிறது.

சென்னைக்குத் தெற்கே தையூரில் ஐ.ஐ.டி.யின் புது வளாகம் உள்ளது. அங்கே 422 மீட்டர் நீளத்துக்கு ஒரு ராட்சதக் குழாய் படுத்துக் கிடக்கிறது. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதற்குள் காந்தத்தில் மிதக்கும் வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கான சோதனைப் பாதை அது. 'ஹைப்பர்லூப்' என்று பெயர்.

'ஆவிஷ்கார்' என்ற மாணவர் குழு 2017-ல் இந்த வேலையைத் தொடங்கியது. 2019-ல் அமெரிக்காவில் நடந்த ஸ்பேஸ்எக்ஸ் போட்டியின் இறுதிச் சுற்றுக்குப் போனது. 2022-ல் ரெயில்வே அமைச்சகம் ரூ.8.34 கோடி ஒதுக்கியது. 2025-ம் ஆண்டு மார்ச் மாதம் தையூருக்கு வந்த ரெயில்வே மந்திரி அஸ்வினி வைஷ்ணவ், இதற்கான மின்னணுக் கருவிகள் பெரம்பூர் ரெயில் பெட்டித் தொழிற்சாலையில் தயாராகும் என்று அறிவித்தார்.

ஐ.சி.எப். என்று எல்லோரும் சொல்லும் அந்தத் தொழிற்சாலையை 1955-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி பிரதமர் நேரு திறந்து வைத்தார். அப்போது தமிழ்நாட்டின் முதல்-மந்திரி யார்? விருதுநகரில் பிறந்த காமராஜர்! அடிச்சட்டமும் மேல்கூடும் ஒன்றாகச் சேர்ந்து பாரம் தாங்கும்படி பெட்டியை இலேசாகக் கட்டும் கலையைச் சுவிட்சர்லாந்துக்காரர்களிடம் கற்றுக்கொண்டு தொடங்கிய இடம் அது. 2023 செப்டம்பரில் இருந்து விருதுநகர் ஜங்ஷனில் நின்று போகும் வந்தே பாரத் ரகமும் முதன் முதலில் அங்கே பிறந்ததுதான்.

ஹைப்பர்லூப் தூர தேசத்துக்குப் போகும் வேக வண்டி. ஊருக்குள் ஓடும் வண்டி வேறு. இதற்கு 1,000 கிலோ மீட்டர் வேகம் வேண்டாம். 60, 70 போதும். ஆனால் இலேசான பெட்டி, மிதவையைக் காக்கும் கருவி, பாதையில் யார் நிற்கிறார் என்று பார்க்கும் கண் - இவை இரண்டுக்கும் பொது. தையூரில் பையன்கள் கற்றுக்கொள்வது வீண் போகாது.

எது முதலில்?

காந்த ரெயில் வந்தால் எல்லாம் தீரும் என்று நம்பி வீட்டில் உட்கார வேண்டியதில்லை. 8.9 கிலோ மீட்டர் பாதையில் லினிமோ ஓடும் ஊர் பெரிய பட்டணம். நம் ஊருக்கு இன்றைக்கு வேண்டியது நேரத்துக்கு வரும் பஸ்சும், கூடுதலாகச் சில பாசஞ்சர் ரெயில்களும்தான்.

ஆனால் மதுரைக்கோ கோவைக்கோ மறுபடி ஒரு திட்டம் எழுதும்போது, அதிகாரிகள் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். பெட்டி எத்தனை டன்? அந்த டன்னுக்கு எத்தனை பெரிய தூண்? பாதையில் இருக்கும் ஒவ்வொரு வண்டியும், குப்பை அள்ளும் வண்டி உள்பட, கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?

வேகம் எவ்வளவு என்ற கேள்வி நாலாவதாக வரட்டும்.

ஒரு பொறி எங்கே போகும் என்று கணக்குப் போட்டுத்தான் சிவகாசியில் நல்ல தொழிலாளி மருந்தைத் தொடுகிறார். நாலு தீக்குச்சி கனத்தில் நூற்றுக்கணக்கான உயிர்களைச் சுமக்கும் வண்டிக்கும் அந்தக் கணக்கு வேண்டும். அது சரியாக இருக்கும்வரை ரெயில் மிதக்கும்!